கிளினிக் கொப்பியில் உள்ள திகதிகள்: ஒவ்வொரு தடுப்பூசிக்கும் ஏன் அந்த வயது?

கொழும்பில் ஒரு பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது கூடவே ஒரு கொப்பியும் வரும். ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. நிறை, உயரம், தடுப்பூசி எல்லாம் அதில்தான் பதிவாகும். தடுப்பூசிப் பக்கத்தைத் திறந்தால் நீண்ட பட்டியல் ஒன்று இருக்கும். பிறந்தவுடன் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி., 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களுக்கான ஊசியும் போலியோ மருந்தும், 9 மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர்., ஒரு வயதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, அப்புறம் ஒன்றரை வயது, 3 வயது, 5 வயது என்று போய், கடைசியில் பள்ளிக்கூடத்தில் போடும் ஊசிகள்.

பெரும்பாலான அம்மா அப்பாக்கள் திகதியைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், போட்டுக்கொண்டு வருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் ஏன் அந்தத் திகதி என்று தெரியாதபோது தள்ளிப்போடுவது சுலபமாகிவிடுகிறது. "பிள்ளைக்குக் கொஞ்சம் தடிமன், அடுத்த மாதம் பார்ப்போம்", "ஊருக்குப் போய் வந்த பிறகு போடுவோம்" என்று பேச்சு வரும். அந்தப் பட்டியலில் எந்தத் திகதியும் யாரோ வசதிக்காகக் குறித்தது அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நோயின் குணம் இருக்கிறது. அது எந்த வயதுப் பிள்ளையைத் தாக்கும், எப்படிப் பரவும், அம்மாவிடமிருந்து வந்த பாதுகாப்பு எப்போது தீரும் என்பதைப் பார்த்துத்தான் அந்த வயது தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. அதைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில், ஊசி உள்ளே போய் என்ன செய்கிறது

ஒரு கிருமி முதல் தடவை உடம்புக்குள் வந்தால், அதற்கென்றே பொருந்தக்கூடிய பிறபொருளெதிரிகளை (கிருமியைப் பிடித்து அழிக்க உதவும் புரதங்களை) உடம்பு செய்து எடுக்க ஒன்றிரண்டு கிழமையாவது ஆகும். அந்த இடைவெளியில்தான் நோய் வருகிறது. சில நோய்களில் அந்த இடைவெளிக்குள்ளேயே உயிர் போய்விடும். தப்பிவிட்டால், அந்தக் கிருமியை நினைவில் வைத்திருக்கும் கலங்கள் இரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் தங்கிவிடும். அடுத்த முறை அதே கிருமி வந்தால் சில நாட்களிலேயே எதிர்ப்புத் தயாராகிவிடும். இதைத்தான் நிர்ப்பீடனம் என்கிறோம்.

தடுப்பூசி, நோயைத் தராமல் அந்த நினைவை மட்டும் உண்டாக்குகிறது. அதற்குப் பல வழிகள் உண்டு. எம்.எம்.ஆர்., பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து ஆகியவற்றில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள கிருமி. ஏற்புவலிக்கும் தொண்டைக்கரப்பனுக்கும் போடுவதில் கிருமியே கிடையாது. கிருமி சுரக்கும் நஞ்சை வீரியமில்லாமல் செய்து கொடுக்கிறார்கள், ஏனென்றால் இந்த இரண்டு நோய்களிலும் ஆளைக் கொல்வது அந்த நஞ்சுதான். ஈரலழற்சி பி ஊசியில் இருப்பது வைரஸின் மேலுறையில் உள்ள ஒரு புரதம் மட்டும்.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சில ஊசிகளை ஏன் மூன்று தடவை போடுகிறார்கள், சிலவற்றுக்குப் பிறகு காய்ச்சல் ஏன் அன்றே வருகிறது, சிலவற்றுக்கு ஏன் ஒரு கிழமை கழித்து வருகிறது என்பதெல்லாம் இதிலிருந்துதான் விளங்கும்.

பிறந்தவுடன்: இடது கையில் ஒரு தழும்பு

பி.சி.ஜி. பிறந்து 24 மணித்தியாலத்துக்குள், ஆஸ்பத்திரியிலேயே போடப்படுகிறது. பிரான்சில் கல்மெட், கெரான் என்ற இருவர் உருவாக்கிய இந்த ஊசி 1921 இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. நூறு வருடம் தாண்டியும் அதே ஊசிதான்.

"பி.சி.ஜி. போட்டும் எங்கள் மாமாவுக்குக் காசநோய் வந்ததே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெரியவர்களின் நுரையீரலில் வரும் காசநோயை இந்த ஊசி நன்றாகத் தடுப்பதில்லை. சின்னக் குழந்தைகளுக்கு மூளைச் சவ்விலும் உடம்பு முழுவதும் பரவி வரும் கொடிய காசநோய்களைத் தடுப்பதுதான் அதன் வேலை. அதனால்தான் காத்திருக்காமல் பிறந்த உடனேயே போடுகிறார்கள். கொழும்பில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. அங்கே இருமும் பெரியவர் ஒருவர் இருந்தால், அந்த வீட்டில் முதலில் ஆபத்துக்கு உள்ளாவது தொட்டிலில் கிடக்கும் பிள்ளை.

ஊசி போட்டுச் சில கிழமைகளில் அந்த இடம் சிறு கொப்புளமாகி, உடைந்து, காய்ந்து தழும்பாகும். மருந்து பூசத் தேவையில்லை, கட்டுப் போடவும் தேவையில்லை. ஆறு மாதமாகியும் தழும்பு வரவில்லை என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

2, 4, 6 மாதம்: ஒரே ஊசியில் ஐந்து நோய்

இரண்டு மாதக் குழந்தைக்குப் போய் ஊசியா என்று பாட்டிமார் கவலைப்படுவார்கள். இந்த வயதைத் தீர்மானித்தது முக்கியமாகக் கக்குவான். பெரிய பிள்ளைக்குக் கக்குவான் வந்தால் விடாமல் இருமி, கடைசியில் கூவுவது போல மூச்சை இழுக்கும். கைக்குழந்தைக்கு அந்தக் கூவல் வராது, இருமவும் வலு இருக்காது. சில வேளைகளில் சத்தமில்லாமல் மூச்சே நின்றுவிடும். கக்குவானால் இறப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் வாழ்க்கையின் முதல் சில மாதங்களில் இருக்கும் குழந்தைகள்தான். ஆகவே எவ்வளவு சீக்கிரம் தொடங்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்கள்.

இதே ஊசியில் தொண்டைக்கரப்பன், ஏற்புவலி, ஈரலழற்சி பி, ஹிப் ஆகிய நான்குக்கும் பாதுகாப்பு இருக்கிறது. இலங்கையில் ஐந்தையும் ஒன்றாக்கி 2008 இலிருந்து கொடுக்கிறார்கள். ஹிப் என்பது ஒரு பக்டீரியா, குழந்தைகளுக்கு மூளைச் சவ்வழற்சியையும் நியுமோனியாவையும் கொடுப்பது. ஈரலழற்சி பி பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு இந்த வைரஸ் தொற்றினால் பெரும்பாலும் உடம்பே அதை விரட்டிவிடும். பிறக்கும்போதோ முதல் வயதிலோ தொற்றினால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுவதும் ஈரலில் தங்கிவிடும். முப்பது நாற்பது வருடம் கழித்து ஈரல் சுருங்கும் நோயாகவோ புற்றுநோயாகவோ வெளியே வரும். காலில் போடும் அந்தச் சின்ன ஊசி, நடுத்தர வயதில் வரக்கூடிய ஒரு புற்றுநோயையும் தடுக்கிறது.

மூன்று தடவை ஏன்? இதில் உயிருள்ள கிருமி இல்லை. உள்ளே போன மருந்து பெருகாது, அதனால் உடம்பும் ஒரே தடவையில் முழுதாகப் பழகாது. முதல் ஊசி அறிமுகப்படுத்தும், இரண்டாவதும் மூன்றாவதும் நினைவை ஆழமாக்கும். முதல் ஊசியைப் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டால், பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறது என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருப்போம்.

ஏற்புவலி தனி ரகம். அதன் வித்திகள் மண்ணில் இருக்கின்றன, ஆளுக்கு ஆள் பரவுவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஊசி போட்டிருந்தாலும் உங்கள் பிள்ளைக்கு அதனால் எந்தப் பயனும் கிடையாது. தனக்குத் தானே போட்டுக்கொண்டால்தான் உண்டு. கர்ப்பிணிகளுக்கு ஏற்புவலி ஊசி போடுவதும் இதோடு சேர்ந்ததுதான். அம்மாவின் பிறபொருளெதிரிகள் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய், பிறந்த முதல் கிழமைகளில் அதைக் காக்கின்றன. ஒரு காலத்தில் தொப்புள்கொடி வெட்டிய இடத்தால் ஏற்புவலி வந்து பச்சைக் குழந்தைகள் இறந்தார்கள். இன்று அந்த நோயை நம் வீடுகளில் யாரும் பேசிக்கூடக் கேட்பதில்லை என்றால் காரணம் அம்மாவின் கையில் போட்ட அந்த ஊசி.

போலியோவுக்கு ஏன் சொட்டும் ஊசியும்?

இலங்கையில் கடைசியாகப் போலியோ பதிவானது 1993 இல். பிறகு ஏன் இன்னும் மருந்து? பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்த வைரஸ் இன்னும் இருக்கிறது. போலியோ தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது, சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் செயலிழக்கும். அதாவது, தன்னிடம் இருப்பதே தெரியாமல் ஒருவர் அதை விமானத்தில் கொண்டுவந்து இறக்க முடியும். கட்டுநாயக்கா விமான நிலையம் நமக்கு எவ்வளவு பக்கம் என்று யோசித்துப் பாருங்கள்.

சொட்டு மருந்து குடலில் வேலை செய்கிறது. போலியோ குடலில் பெருகி மலத்தின் வழியாகப் பரவும் வைரஸ் என்பதால், குடலிலேயே நிர்ப்பீடனம் இருந்தால் பரவலும் நிற்கும். ஊசியாகக் கொடுப்பது கொல்லப்பட்ட வைரஸ், அது இரத்தத்தில் பாதுகாப்பைக் கொடுத்து வாதம் வராமல் தடுக்கும். போலியோவில் மூன்று வகை இருந்தன. இயற்கையாகப் பரவும் இரண்டாம் வகை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதால் 2016 இல் அதைச் சொட்டு மருந்திலிருந்து நீக்கினார்கள். ஊசியில் மூன்று வகையும் இருப்பதால் அந்த ஓட்டையை அது அடைக்கிறது. 2 மாதத்திலும் 4 மாதத்திலும் கையின் தோலுக்குள் மிகக் கொஞ்சமாக, 0.1 மில்லிலீட்டர் அளவில் போடுவது இதுதான்.

9 மாதம்: சின்னமுத்தும் அம்மாவின் பாதுகாப்பும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

மனிதரிடம் பரவும் நோய்களில் சின்னமுத்து அளவுக்கு வேகமாகத் தொற்றுபவை மிகக் குறைவு. நிர்ப்பீடனமே இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி சராசரியாக 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுப்பார். வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடியின் லிஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். சின்னமுத்து உள்ள ஒருவர் இருமிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அந்த லிஃப்ட்டின் காற்றில் இரண்டு மணித்தியாலம் வரை வைரஸ் இருக்கக்கூடும். அதற்குப் பிறகு கைக்குழந்தையோடு ஏறும் அம்மா அந்த நோயாளியின் முகத்தைக்கூடப் பார்த்திருக்கமாட்டார். இன்னொன்று, உடம்பில் சிவப்புப் பருக்கள் தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே நோய் தொற்றும். அந்த நாட்களில் அது வெறும் தடிமன் காய்ச்சல் போலத்தான் இருக்கும். அதனால் "நோயாளியிடமிருந்து தள்ளி இருப்போம்" என்ற யோசனை சின்னமுத்திடம் எடுபடாது.

நம் வீடுகளில் சின்னமுத்தை அம்மாள் வருத்தம் என்று சொல்லி, வேப்பிலை வைத்து, வந்து போகும் ஒன்றாகவே பார்த்தார்கள். வந்து போனவர்கள்தான் அதைப் பற்றிச் சொல்ல உயிரோடு இருந்தார்கள். நியுமோனியா, கடும் வயிற்றோட்டம், காதில் சீழ், கண் பார்வை போவது எல்லாம் அதன் கூடவே வரும். ஆயிரத்தில் ஒருவருக்கு மூளையழற்சி வரலாம். சின்னமுத்துக்கு வேறொரு குணமும் இருக்கிறது, அதைப் பலர் அறியமாட்டார்கள். முன்பு சந்தித்த மற்றக் கிருமிகளைப் பற்றி உடம்பு சேர்த்து வைத்த நினைவையும் அது அழித்துவிடுகிறது. அதனால் சின்னமுத்து மாறிய பிள்ளைக்குப் பல மாதங்களுக்கு, சில வேளை ஒன்றிரண்டு வருடங்களுக்குக்கூட, மற்ற நோய்கள் சுலபமாக வரும்.

சரி, இவ்வளவு பயங்கரமானது என்றால் 9 மாதம் வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அம்மாவின் பிறபொருளெதிரிகள் பிள்ளைக்குப் போய்ச் சேர்கின்றன என்று மேலே பார்த்தோம். சின்னமுத்துக்கும் அப்படித்தான். பிறந்த பிறகு அவை மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போகும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. எம்.எம்.ஆர். ஊசியில் இருப்பது உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட வைரஸ். அது உடம்பில் கொஞ்சமாவது பெருகினால்தான் பிள்ளை சொந்த நினைவை உருவாக்கும். அம்மாவின் பிறபொருளெதிரிகள் நிறைய இருக்கும்போது ஊசியைப் போட்டால், அவை அந்தப் பலவீனமான வைரஸையும் பிடித்து அழித்துவிடும். ஊசி வீணாகும். அதிகம் தாமதித்தால், அம்மாவின் பாதுகாப்புத் தீர்ந்து, ஊசியும் போடாமல், பிள்ளை வெறுமையாக நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வயதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இலங்கையில் இதை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே ஒரு பாடம். முன்பு 9 மாதத்தில் சின்னமுத்து ஊசி போட்டார்கள். 2011 இல் எம்.எம்.ஆர். வந்தபோது, இன்னும் நன்றாக வேலை செய்யட்டும் என்று ஒரு வயதுக்கு மாற்றினார்கள். 2013, 2014 இல் சின்னமுத்து பரவியபோது, ஒரு வயது ஆகாத குழந்தைகள் நிறையப் பாதிக்கப்பட்டார்கள். 2015 இல் முதல் ஊசியை மறுபடி 9 மாதத்துக்கே கொண்டுவந்தார்கள். இதற்குள் இன்னொரு காரணமும் ஒளிந்திருக்கிறது. பாட்டிமார் நோயே வந்து மாறியவர்கள், அவர்களின் பிறபொருளெதிரிகள் அதிகம். இன்றைய அம்மாமார் ஊசியால் பாதுகாக்கப்பட்டவர்கள். அவர்கள் பிள்ளைக்குக் கொடுக்கும் பிறபொருளெதிரி அளவில் குறைவு, சீக்கிரம் தீர்ந்தும் விடும்.

2019 ஜூலையில், சின்னமுத்தை ஒழித்த நாடு என்று இலங்கையை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023 இல் நோய் மறுபடி வந்தது, கொழும்பிலும் பரவியது. 2024 ஜனவரியில் கொழும்பு உட்பட ஒன்பது மாவட்டங்களில் 6 மாதத்துக்கும் 9 மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு மேலதிகமாக ஓர் ஊசி போட்டார்கள். மேலே சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால் காரணம் தெளிவு. நோய் வாசலுக்கு வந்துவிட்டால், ஊசி கொஞ்சம் குறைவாக வேலை செய்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் போடுவதே மேல். அது மேலதிக ஊசி மட்டும்தான். அதைப் போட்ட பிள்ளைக்கும் 9 மாத ஊசி வழக்கம்போல வேண்டும்.

9 மாதத்தில் போடும் ஊசி நூறில் சுமார் 85 பிள்ளைகளில்தான் பலிக்கும். மிச்சம் 15 பேருக்காகத்தான் 3 வயதில் இரண்டாவது ஊசி. ஒன்று போட்டாயிற்று, போதும் என்று விட்டுவிடும் பெற்றோருக்கு, தங்கள் பிள்ளை 85 இல் ஒன்றா 15 இல் ஒன்றா என்று தெரியாது. அது வெளியே பார்த்துத் தெரியக்கூடியதும் இல்லை. சின்னமுத்து பரவாமல் நிற்க, ஓர் ஊரில் 20 பேரில் 19 பேருக்காவது நிர்ப்பீடனம் இருக்க வேண்டும். அந்த இருபதாவது ஆளின் இடம் 9 மாதம் ஆகாத குழந்தைகளுக்கும், புற்றுநோய்க்கு மருந்தெடுப்பதால் உயிருள்ள ஊசியைப் போட முடியாத பிள்ளைகளுக்கும் உரியது. போட முடிந்தும் போடாமல் இருப்பவர் அவர்களுடைய இடத்தை எடுத்துக்கொள்கிறார்.

இதே ஊசியில் கூகைக்கட்டும் ருபெல்லாவும் அடங்கும். ருபெல்லா பிள்ளைக்கு வந்தால் லேசான காய்ச்சலோடு போய்விடும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் வந்தால், பிறக்கும் பிள்ளைக்குக் கண்ணில் புரை, காது கேளாமை, இருதயக் கோளாறு என்று எல்லாம் சேர்ந்து வரலாம். 1941 இல் ஆஸ்திரேலியாவின் கண் வைத்தியர் நோர்மன் கிரெக் தன்னிடம் வந்த குழந்தைகளின் கண் புரையைப் பார்த்து, அம்மாமாரை விசாரித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெண் தான் ருபெல்லா ஊசி போட்டிருக்கிறாளா என்று பார்த்துக்கொள்வது மிக நல்லது. போட்ட பிறகு குறைந்தது ஒரு மாதமாவது கர்ப்பமாகாமல் இருக்க வேண்டும்.

எம்.எம்.ஆரால் ஓட்டிசம் வரும் என்ற பேச்சு இன்னும் வட்ஸ்அப்பில் வருகிறது. 1998 இல் வேக்ஃபீல்ட் என்பவர் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையில் தொடங்கியது அது. 2010 இல் அதை வெளியிட்ட சஞ்சிகையே கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவர் பெயர் பிரித்தானிய வைத்தியர் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2019 இல் வெளியான ஆய்வில் அப்படி எந்தத் தொடர்பும் இல்லை. ஓட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோருக்குத் தெரியவருவதும் இந்த ஊசிகள் போடும் வயதும் ஒன்றாக அமைந்துவிடுவதால், மனம் இரண்டையும் முடிச்சுப்போடுகிறது. அந்தப் பெற்றோரின் வேதனை உண்மையானது. காரணம்தான் தவறு.

மிச்சத் திகதிகள்

ஒரு வயதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. வயல்களில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு பன்றி, நீர்ப்பறவைகளிடமிருந்து இதைக் கொண்டுவரும். 1980களில் அனுராதபுரம் பக்கம் பெரிதாகப் பரவிய பிறகுதான் 1988 இல் ஊசி தொடங்கியது. கொழும்பில் வயல் எங்கே என்று கேட்கலாம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகள் கொழும்பில் எத்தனை பேர்!

ஒன்றரை வயதிலும் 5 வயதிலும் பழைய நினைவைப் புதுப்பிக்கும் ஊசிகள். பள்ளிக்கூடத்தில் 11 வயதில் ஏற்புவலி, தொண்டைக்கரப்பனுக்கு இன்னொன்று.

பெண் பிள்ளைகளுக்கு ஆறாம் தரத்தில் எச்.பி.வி. என்ற வைரஸுக்கு எதிரான ஊசி, 2017 இலிருந்து போடப்படுகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே இந்த வைரஸால் வருவது. உடலுறவால் தொற்றும் வைரஸ் என்பதால், "பத்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு" என்று சில அம்மாமார் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள். தொற்று வர வாய்ப்பே இல்லாத வயதில் போட்டால்தான் ஊசி முழுமையாக வேலை செய்யும், அந்த வயதில் உடம்பும் மிக நன்றாகப் பதிலளிக்கும். அதனால்தான் பத்து வயது. கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்து ஏற்கெனவே தொற்றிய வைரஸை இந்த ஊசியால் விரட்ட முடியாது. தயவுசெய்து அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

கிளினிக்கில் நடப்பவை

ஐந்து நோய் ஊசிக்குப் பிறகு அன்று இரவோ மறுநாளோ காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம். இது உடம்பு உடனே பதிலளிப்பதன் அடையாளம். எம்.எம்.ஆருக்குப் பிறகு அன்று பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. 5 முதல் 12 நாளுக்குள் லேசான காய்ச்சலும் சில பருக்களும் வரலாம், ஏனென்றால் பலவீனமான வைரஸ் பெருக அவ்வளவு நாள் எடுக்கும். இது தெரியாததால், ஒரு கிழமைக்குப் பிறகு வரும் காய்ச்சலைப் பார்த்துப் பலர் கலங்கிப்போகிறார்கள். நிறைக்கு ஏற்ற அளவில் பரசிட்டமோல், அடிக்கடி தாய்ப்பால், இவை போதும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ, பிள்ளை சோர்ந்து பால் குடிக்காவிட்டாலோ டொக்டரிடம் காட்டுங்கள்.

ஊசி போட்டதும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்வார்கள். மிக அரிதாக வரும் கடும் ஒவ்வாமை அந்த நேரத்தில்தான் வரும், அதற்குரிய மருந்து அங்கேயே தயாராக இருக்கும். பஸ் போய்விடும் என்று அவசரப்பட வேண்டாம்.

ஏன் குறிப்பிட்ட கிளினிக் நாளில்தான் வரச் சொல்கிறார்கள் என்று சிலருக்குச் சலிப்பு. எம்.எம்.ஆரும் பி.சி.ஜி.யும் தூளாக இருக்கும், குப்பியைத் திறந்து கரைத்தால் ஆறு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தை எறிய வேண்டும். பிள்ளைகளை ஒரே நாளில் சேர்த்தால் மருந்து வீணாகாது. ஊசி மருந்துகள் 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடைப்பட்ட குளிரில் இருக்க வேண்டும். போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சின்னச் சதுரமும் இருக்கும். வெப்பம் படப்பட அந்தச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் அந்த மருந்தைப் பாவிக்கக் கூடாது. விருப்பமிருந்தால் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

தவறிப்போனால்? முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசிகளும் போடலாம். லேசான தடிமனோ வயிற்றோட்டமோ ஊசியைத் தள்ளிப்போடக் காரணமே அல்ல. நான் பார்த்த மட்டில் கொழும்பில் பிள்ளைகளுக்கு ஊசி தவறுவது எதிர்ப்பால் அல்ல, வீடு மாறுவதால். கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்தவர்கள் வத்தளைக்குப் போவார்கள், மலைநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் மட்டக்குளியில் ஒரு வருடம் இருந்துவிட்டு வேறெங்கோ போவார்கள். பழைய மிட்வைஃப் மிஸ்ஸின் பதிவில் பெயர் இருக்கும், புதிய இடத்தில் இருக்காது. யாரும் தேடி வரவும் மாட்டார்கள். வீடு மாறிய கிழமையிலேயே அந்தப் பகுதி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் அல்லது மாநகரசபைக் கிளினிக்கில் பிள்ளையைப் பதிந்துவிடுங்கள். எல்லாம் இலவசம்.

பட்டியலில் இல்லாதவை

கொப்புளிப்பான், ஈரலழற்சி ஏ, நியுமோகொக்கல், இன்ஃபுளுவன்சா ஊசிகளைத் தனியார் ஆஸ்பத்திரிகளில் காசு கொடுத்துப் போடலாம். வசதியிருந்தால் டொக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். ஆனால் இலவசப் பட்டியலை விட்டுவிட்டு இவற்றின் பின்னால் போகாதீர்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்குரிய மெனிஞ்சோகொக்கல் ஊசி பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடப்படுகிறது.

டெங்குக்கு ஏன் ஊசி இல்லை என்று எல்லோரும் கேட்பார்கள். 2017 இல் மட்டும் இலங்கையில் 1,86,000 க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது, கேட்பது நியாயம்தான். டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து மாறியவருக்கு அடுத்து வேறொரு வகை வந்தால், பழைய பிறபொருளெதிரிகளே வைரஸுக்கு வழிவிட்டு நோயைக் கடுமையாக்கக்கூடும். முதலில் வந்த டெங்கு ஊசி, அதற்கு முன் டெங்கு வராத பிள்ளைகளில் முதல் தொற்றுப் போலவே செயல்பட்டு, பிறகு வரும் நோயைக் கடுமையாக்கக்கூடும் என்று 2017 இல் தெரியவந்தது. நான்கு வகைக்கும் சமமாகப் பாதுகாப்புத் தரும் ஊசியைச் செய்வது அதனால்தான் இவ்வளவு கடினம். இப்போதைக்கு நம் கையில் இருப்பது பூச்சாடித் தட்டிலும் பீலியிலும் தேங்கும் தண்ணீரைக் கொட்டுவது.

விசர்நாய்க்கடி மட்டும் மற்ற எல்லாவற்றிலிருந்தும் வித்தியாசமானது. கடிபட்ட பிறகு போடும் ஊசி அது. வைரஸ் காயத்திலிருந்து நரம்பு வழியாக மெதுவாக மூளைக்குப் போகும், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் எடுக்கும். அது போய்ச் சேர்வதற்குள் ஊசி உடம்பைத் தயார்படுத்திவிடும். 1885 இல் பாரிஸில் லூயி பாஸ்ச்சர் நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனைக் காப்பாற்றியதும் இந்த இடைவெளியைப் பயன்படுத்தித்தான். அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. நாயோ பூனையோ கடித்தால், பிறாண்டினால், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சளோ கோப்பித்தூளோ வைக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஊசி இலவசம். தெரு நாயோடு விளையாடியதற்கு ஏச்சு விழும் என்று பயந்து பிள்ளைகள் சின்னக் கீறலை மறைத்துவிடுவார்கள். என்ன நடந்தாலும் ஏசமாட்டோம், உடனே சொல்ல வேண்டும் என்று இன்றைக்கே அவர்களிடம் சொல்லி வையுங்கள்.